நாற்பது நாள் கீரை

"உன் அம்மா கிழமைக்கு எத்தனை தரம் கீரை சாப்பிடுகிறா?"

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு தாதி என்னிடம் பிரெஞ்சில் கேட்ட கேள்வி இது. எனக்கு அப்போது பதினான்கு வயது. அம்மாவுக்கு இருதய வால்வு மாற்றி ஐந்து கிழமை ஆகியிருந்தது. மன்னாரில் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அந்த வால்வைக் கெடுத்து வைத்திருந்ததை மொன்றியலுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அம்மாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அப்பா துறைமுகத்தில் கொன்ரெயினர் லொறி ஓட்டுகிறவர், பகலில் அவரைப் பிடிக்க முடியாது. அதனால் தாதிக்கு முன்னால் இருந்த கதிரையில் நான் இருந்தேன்.

"சில நேரம்," என்று சொன்னேன்.

"சில நேரம் என்று எழுத இதில் இடமில்லை," என்றாள். பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அம்மாவைக் கேட்டேன். "ஆர் பிள்ளை இதெல்லாம் எண்ணுறது?" என்றார். பிறகு இரண்டு பேருமாக விரல்விட்டு எண்ணினோம். புதன்கிழமை ஒரு கீரைச் சுண்டல். ஞாயிற்றுக்கிழமை ஒரு கீரைக்கறி. இரண்டு தரம். தாதி எழுதினாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. செயற்கை வால்வில் இரத்தம் கட்டிப்படப் பார்க்கும். கட்டாமல் இருக்கத்தான் வார்பரின் குளிசை. பச்சை இலைகளில் உள்ள விற்றமின் கே அந்தக் குளிசையை எதிர்த்து இழுக்கும். "கீரையை விடச் சொல்லவில்லை. கீரை நல்ல சாப்பாடு. ஆனால் இரண்டு தரம் என்றால் எப்போதும் இரண்டு தரம். அந்த இரண்டுக்கு ஏற்றபடிதான் குளிசையை அளந்து தருகிறோம். திடீரென்று கூட்டினாலும் ஆபத்து, திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. மாற்றுவதென்றால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்." ஒரு சிறு புத்தகமும் தந்தாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் புத்தகத்தையும் நான் முழுதாக வாசித்ததில்லை. அதை மூன்று தரம் வாசித்தேன்.

இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. அம்மாவுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டிப்படும். கூடினால் இரத்தம் நிற்காது. நான்கு வருடமாக அந்த எண்ணை அந்த வேலிக்குள் வைத்திருந்தது நான். அம்மா சமைப்பார், நான் எண்ணுவேன். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். வாய் திறந்தால் வகுப்பு சிரித்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் போகவும் இல்லை. வீட்டில் எல்லோரும் என்னை ஒன்றுக்கும் உதவாதவள் என்றுதான் வைத்திருந்தார்கள். ஆனால் அம்மாவின் எண் தவறியதில்லை.

அதை ஒரு ஆள் ஆறு கிழமையில் குழப்பினார். அம்மாவின் தமையன், என் பெரிய மாமா, அருமைநாதன்.

மாமா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் எரிகிறது. நாங்கள் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்தில் ஐந்து பேருக்கும் குளிர்ச் சட்டைகளோடு நின்றது அவர்தான். ரொக்ஸ்பரோவில் உள்ள தன் வீட்டின் நிலக்கீழ் அறையில் எட்டு மாதம் வைத்திருந்து சோறு போட்டதும் அவர்தான். பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்று வேலை செய்து ஓய்வு எடுத்தவர். ஓய்வெடுத்த வருடம் அவருக்குச் சீனி வருத்தத்தின் மூன்று மாதச் சராசரி எண் பதினொன்றுக்குப் போனது. மாச்சாப்பாட்டைக் குறைத்து, கீரையைக் கூட்டி, நடந்து, அதை ஆறுக்குக் கொண்டு வந்தார். நல்ல விசயம். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் தன் உடம்பில் பலித்தது எல்லா உடம்பிலும் பலிக்கும் என்று முடிவு செய்தார். எங்கள் மாதா கோயில் ஆட்களுக்கு வாட்சப்பில் சாப்பாட்டு வைத்தியம் சொல்லத் தொடங்கினார். காலையில் வெந்தயம், மத்தியானம் வல்லாரை, பின்னேரம் கறுவாப்பட்டைத் தண்ணீர். கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். வைத்தியரிடம் நேரம் எடுக்க இங்கே மாதக்கணக்காகும். மாமா உடனே பதில் போடுவார், அதுவும் தமிழில்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதன் அன்று, பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் நின்றபோது, மாமா ஒரு பிளெண்டரை மேசையில் வைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். வருசா வருசம் ஒருசந்தி, சுத்தபோசனம் எண்டு இறைச்சியை விடுறம். விட்டுப்போட்டு என்ன செய்யிறம்? உருளைக்கிழங்கைப் பொரிச்சுத் தின்னுறம். வடை சுட்டுத் தின்னுறம். தவம் முடிய எல்லாற்றை வயிறும் முன்னுக்கு வந்து நிக்குது!"

மண்டபம் சிரித்தது.

"இந்த முறை பச்சைத் தவம். நாப்பது நாள். காலமை ஒரு பெரிய கிளாஸ் இலைச்சாறு. கேல், ஸ்பினாச், முருங்கையிலைத் தூள், வல்லாரை. மத்தியானம் கீரை இல்லாமல் சோறு இல்லை. ஆண்டவருக்கும் தவம், உடம்புக்கும் சுகம்."

அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் என் அம்மாவுடையது. தமையன் மேசையில் நிற்க, தங்கச்சி எழுதாமல் விடுவாரா? "எலிசா" என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதினார்.

பஸ்சில் வரும்போது சொன்னேன். "அம்மா, உங்களுக்கு உது கூடாது. கிழமைக்கு ரண்டு தரம்தான். நேர்ஸ் சொன்னது ஞாபகமில்லையோ?"

"கீரை திண்டு ஆராவது செத்திருக்கினமோடி?"

"நீங்கள் வார்பரின் குடிக்கிறீங்கள்."

"அது வருத்தத்துக்கு. இது ஆண்டவருக்கு. ரண்டையும் போட்டுக் குழப்பாதை."

அடுத்த நாள் மாமாவே வீட்டுக்கு வந்தார். அஹுன்ட்சிக்கில் எங்கள் மாடிவீடு மூன்றாம் தளத்தில். கேல் இலைக்கட்டுகள் நிறைந்த இரண்டு பையோடு மூச்சு வாங்காமல் ஏறி வந்தார். அதைப் பெருமையாகச் சொல்லியும் காட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே தேத்தண்ணி வைத்தார். நான் அந்தச் சிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மாமாவுக்கு முன்னால் நின்றேன். அவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னால் போய் நிற்பதே எனக்குப் பெரிய காரியம்.

"மாமா, அம்மாவுக்கு இது கூடாதாம். இதிலை இருக்கு."

"என்ன மொழியிலை இருக்கு?"

"பிரெஞ்சிலை."

"வாசி பாப்பம்."

நான் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துகள் இருந்தன, வாய் வரவில்லை. வகுப்பில் வந்த அதே அடைப்பு. மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"எலிசா, உன்ரை வீட்டிலை ஒரு டொக்டர் இருக்கிறா எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே. எந்த யூனிவேர்சிற்றி பிள்ளை? கட்டில் யூனிவேர்சிற்றியோ?"

அம்மா சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். தமையனைச் சந்தோசப்படுத்தச் சிரித்த சிரிப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தார்.

"இஞ்சை வா," என்று மாமா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, குரலைத் தணித்தார். "உந்த வார்பரின் என்ன எண்டு தெரியுமோ உனக்கு? எலிக்கு வைக்கிற நஞ்சு. நான் கதை விடேல்லை, போய்த் தேடிப் பார். நஞ்சைக் குடிச்சுக்கொண்டு, இலையைக் கூடாது எண்டு சொல்லுறியள்."

தேடிப் பார்த்தேன். உண்மைதான், அதே மருந்தை எலிகளுக்கும் வைத்திருக்கிறார்கள். மாமாவின் பேச்சு எல்லாமே அப்படித்தான். பொய் சொல்ல மாட்டார். உண்மையில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து அதையே முழு உண்மை போல் கையில் தருவார். அளந்து குடித்தால் மருந்து, அள்ளிக் குடித்தால் நஞ்சு என்பதை நான் அவருக்குத் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அவர் போன பிறகு குளியலறைக் கண்ணாடிக்குச் சொன்னேன்.

இனி யாரிடம் சொல்வது? பிரியந்தி நினைவுக்கு வந்தாள். மாமாவின் மகள், எனக்கு மச்சாள். பல்கலைக்கழகத்தில் மருந்தியல் மூன்றாம் வருடம். எங்கள் வீட்டில் என்னைத் திட்டும்போதெல்லாம் அவள் பெயர் வரும். பிரியந்தியைப் பார், பிரியந்தியின் மூத்திரத்தைக் குடி, இந்த மாதிரி. அவளுக்கு எழுதினேன். "மச்சாள், அம்மா வார்பரின் குடிக்கிறா. பச்சைத் தவமும் செய்யிறா. உங்களுக்கு இது விளங்கும். நீங்கள் சொன்னால் மாமா கேப்பார்." அவள் பார்த்ததற்கு இரண்டு நீலக்கோடு விழுந்தது. அரை மணித்தியாலம் கழித்து, "பேந்து கதைக்கிறன்." அவ்வளவுதான். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவே இல்லை.

அம்மா குடித்தார். ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பிளெண்டர் சத்தம். பச்சை நுரை ததும்பும் கிளாஸைப் படமெடுத்து வாட்சப்பில் போடுவார். மற்ற அறுபத்தொரு பேரும் போடுவார்கள். மாமா ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் படம் போடுவார். குழுவில் கணேசலிங்கம் அண்ணைக்குச் சீனி குறைந்தது. யாரோ ஒரு அக்காவுக்குக் கொலஸ்ரோல் குறைந்தது. அவர்களுக்கு அது நல்லதுதான். அதற்காக நான் அவர்கள் மேல் கோபப்பட முடியாது. என் கோபமெல்லாம் அந்த அறுபத்திரண்டில் ஒரு ஆளுக்கு மட்டும் அது நல்லதில்லை என்பதை ஒருவரும் கேட்கத் தயாராக இல்லாததில்தான். கெட்ட சாப்பாடு கெடுக்கும் என்றால் எல்லோரும் நம்புவார்கள். நல்ல சாப்பாடு கெடுக்கும் என்றால் சொல்கிறவளைத்தான் பைத்தியமாகப் பார்ப்பார்கள்.

பதினைந்தாம் நாள் அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை. அடுத்த நாள் காலை கிளினிக்கிலிருந்து தாதி தொலைபேசியில் வந்தாள். பழைய தாதி இல்லை, வேறு குரல்.

"ஒன்று தசம் எட்டு. குறைந்துவிட்டது. குளிசை எதையாவது தவறவிட்டாவா?"

இல்லை.

"வேறு மருந்து ஏதாவது புதிதாக?"

இல்லை.

"சாப்பாட்டில் ஏதாவது மாற்றம்?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். மேலுதட்டில் பச்சைக் கோடு. கையில் கிளாஸ். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"இல்லையெண்டு சொல்லு."

"அம்மா!"

"தவத்தை ஊருக்குச் சொல்லித் திரியக் கூடாது எண்டு சுவாமி பிரசங்கத்திலை சொன்னவரோ இல்லையோ? சொன்னால் பலன் இல்லை. இல்லையெண்டு சொல்லு."

அறுபத்திரண்டு பேர் கிளாஸைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டலாம். அது சொல்லித் திரிவதில் சேராது. உயிரைப் பார்த்துக்கொள்கிற தாதிக்குச் சொல்வதுதான் தவத்தைக் கெடுக்கும்! அந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். "ஓம், மாற்றம் இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு தரம் குடம் குடமாகக் கீரை" என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் என்ன சொன்னாலும் அவருக்கு விளங்கியிராது. அவ்வளவு சுலபம்.

"நொன்," என்றேன்.

ஏன் என்று என்னைப் பலமுறை கேட்டுவிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அதனால் என்று ஒரு பதில் இருக்கிறது. அதைவிட மோசமான பதிலும் இருக்கிறது. இல்லை என்பது ஒரு சொல். ஆம் என்று சொன்னால் அதற்குப் பிறகு பத்து வசனம் பேச வேண்டும்.

தாதி குளிசையைக் கூட்டினாள். ஒன்று, ஒன்றேகாலானது. அடுத்த கிழமையும் எண் ஏறவில்லை. ஒன்றேகால், ஒன்றரையானது. பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை எண் இரண்டு தசம் ஆறு. தாதி சந்தோசப்பட்டாள். மூன்று கிழமை கழித்து வந்தால் போதும் என்றாள். அவளில் பிழையில்லை. அவளிடம் இருந்த கணக்கு நான் கொடுத்த கணக்கு.

இடையில் ஒரு நாள் நானே கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். நான்கு வசனத்தைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு எடுத்தேன். இயந்திரம் பதில் சொன்னது. செய்தி சொல்லச் சொல்லி ஒரு மணி அடித்தது. நான் வைத்துவிட்டேன்.

உயிர்ப்பு ஞாயிறன்று மாமா வீட்டில் விருந்து. ஆட்டிறைச்சி, நண்டு, கணவாய்ப் பிரட்டல், கட்லட். பச்சை என்று அந்த மேசையில் இருந்தது கறிவேப்பிலை மட்டும்தான். தவத்தை முடித்தவர்களுக்கு மாமா கைகொடுத்தார். அம்மாவின் தோளைப் பிடித்து, "என்ரை தங்கச்சி ஒரு நாளும் விடேல்லை. ஒரு நாள்!" என்றார். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த கேல் இலைகளைக் குப்பைப் பையில் தள்ளினார். "நாப்பது நாள் முடிஞ்சுது. இனி உந்தப் பச்சைத் தண்ணியின்ரை மணத்தையும் எனக்குக் காட்டாதை."

கீரை போய்விட்டது. கீரையோடு மல்லுக்கட்டுவதற்காகக் கூட்டிய ஒன்றரைக் குளிசை அப்படியே நிற்கிறது.

"அம்மா, ஒரேயடியா விடாதேங்கோ. இல்லாட்டில் கிளினிக்குக்குச் சொல்லுவம், குளிசையைக் குறைப்பினம்."

அம்மா சட்டியை உதறிவிட்டுத் திரும்பினார். "குடிச்சாலும் பிழை. விட்டாலும் பிழை. அப்ப நான் என்னத்தைத்தான் தின்னுறது? சொல்லு பாப்பம். உன்னைப் போலை கட்டில்லை கிடந்து காத்தைக் குடிக்கிறதோ?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நாற்பது வயது கடந்த ஒரு மனுசி, தன் வயிற்றுக்குள் போவதை மகளிடம் கேட்டுச் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் நியாயம் இரத்தத்துக்குத் தெரியாதே.

கீரையை விட்ட ஒன்பதாம் நாள் காலை அம்மா பல் தீட்டும்போது பல்முரசிலிருந்து இரத்தம் வந்தது. துப்பிவிட்டுச் சமைக்கப் போனார். பத்து மணிக்கு மூக்கால் வந்தது. முதலில் கடதாசித் துண்டு, பிறகு ஒரு துவாய், பிறகு இன்னொரு துவாய். முழங்கைக்கு மேலே, ஒன்றிலும் இடிபடாத இடத்தில், உள்ளங்கை அளவுக்கு நீலம் பாரித்திருந்தது. அப்பாவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்புலன்சைக் கூப்பிட்டால் பிரெஞ்சில் பேச வேண்டும், மாமாவுக்கு அடித்தேன். அவரை விட்டால் அழைக்க எனக்கு வேறு ஆளில்லை என்பதும் அன்றைக்கு எனக்குக் கோபம்தான். இருபது நிமிடத்தில் வந்தார். மூன்று மாடியும் ஏறி, அம்மாவைத் தாங்கி இறக்கினார். காரில் அவருடைய சட்டை முழுக்க இரத்தம்.

ஆசுப்பத்திரியில் எண்ணைச் சொன்னார்கள். எட்டு தசம் நான்கு.

மூக்குக்குள் பஞ்சுத்திரி வைத்து அடைத்தார்கள். குளிசையை இரண்டு நாளைக்கு நிறுத்தினார்கள். இரத்தம் உறைவதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். மூளைக்குள் கசிவு இருக்கிறதா என்று ஸ்கான் எடுத்தார்கள், இல்லை. அடுத்த நாள் மத்தியானம் இரத்தம் நின்றிருந்தது. எண் நான்குக்குக் கீழே வந்திருந்தது. அம்மா தலையணையில் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார். மாமாவும் பிரியந்தியும் வந்திருந்தார்கள்.

"என்ன மருந்து குடுத்தவை?" மாமா மகளைக் கேட்டார்.

பிரியந்தி கட்டிலின் காலைப் பார்த்துக்கொண்டு, "விற்றமின் கே," என்றாள்.

"அது எதிலை இருக்கு?"

அவள் கையிலிருந்த கார்ச் சாவியைத் திருப்பினாள்.

"சொல்லன் பிள்ளை. படிச்சனீதானே. அந்தச் சத்து எதிலை இருக்கு?"

"கீரையிலை."

மாமா தொடையில் ஓங்கி அடித்தார். "பாத்தியே எலிசா! பாத்தியே! கடைசியிலை ஆசுப்பத்திரியும் என்ரை மருந்தைத்தான் குடுக்குது! இலையிலை இருக்கிறதை ஊசிக்குள்ளை போட்டுத் தாறாங்கள். நாப்பது நாள் கீரை குடிச்சாய், உனக்கு ஒரு சொட்டு இரத்தம் வந்ததோ? விட்டாய், வந்துது. எலி மருந்து வேலையைக் காட்டிப்போட்டுது."

மறுபடியும் ஒரு துண்டு உண்மை.

"இனி உந்தக் குளிசையே வேண்டாம். வீட்டை வந்த அண்டைக்கே திரும்பப் பச்சையைத் தொடங்கு. நான் இலை கொண்டு வாறன்."

அம்மா கண்ணைத் திறந்தார். மூக்கடைத்த குரலில், "ஓம் அண்ணை. நானும் உதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்," என்றார். "நேற்று எவ்வளவு இரத்தம். உந்தக் குளிசையைக் கண்டாலே எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் சும்மா சொல்லவில்லை. அம்மா முடிவெடுத்தால் அப்படித்தான் இருக்கும், குரல் உயராது. எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போவார், குளிசைப் பெட்டியைக் குப்பையில் போடுவார், பிளெண்டரை எடுப்பார். ஒரு கிழமை போகும், இரண்டு கிழமை போகும். பிறகு ஒரு நாள் கையிலிருந்து கிளாஸ் விழும், வாய் கோணும். மாமா வந்து மாடிப்படியில் தாங்கி இறக்குவார். அவர் அழவும் செய்வார்.

இரத்த அழுத்தம் பார்க்க ஒரு தாதி தள்ளுவண்டியோடு உள்ளே வந்தாள். நடுவயதுக்காரி, காதில் சின்னப் பச்சைத் தோடு. "போன்ஜூர் மதாம்," என்று அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றினாள்.

"நான் பொய் சொன்னேன்," என்றேன் பிரெஞ்சில்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

என் பிரெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வினைச்சொல் எல்லாம் பிழைத்திருக்கும். ஆனால் நிற்கவில்லை. நாற்பது நாள், நாளுக்கு ஒரு பெரிய கிளாஸ் கீரைச்சாறு, மத்தியானமும் கீரை என்றேன். சாப்பாட்டில் மாற்றம் உண்டா என்று கிளினிக் கேட்டபோது இல்லை என்றது நான்தான் என்றேன். அதனால் குளிசையைக் கூட்டினார்கள். பிறகு ஒரே நாளில் கீரையை விட்டுவிட்டார், ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது குளிசையை விடப் போகிறார். இவர்கள் இரண்டு பேரும் இப்போதுதான் பேசி முடித்தார்கள், உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தயவுசெய்து எழுதுங்கள். எழுதுங்கள்.

தாதி பட்டியைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். "குளிசையை விடச் சொன்னது யார்?"

நான் மாமாவைக் காட்டினேன். விரலால் இல்லை, முழுக் கையால்.

"என்னவாம்?" என்றார் மாமா. "ஏன் என்னைக் காட்டுறாள்? பிரியந்தி, என்ன சொல்லுறாள் உவள்?"

பிரியந்தியின் முகத்தைப் பார்த்தேன். பேந்து என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள். நான் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும், ஒன்றையும் மழுப்பாமல், தமிழில் சொன்னாள். நான் பொய் சொன்னதையும் சொன்னாள். அம்மா என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று நின்றேன்.

தாதி அம்மாவைப் பார்த்து மெதுவாகப் பேசினாள். பிரியந்தி தமிழாக்கினாள். "மாமி, உங்களுக்குக் கீரை பிழையில்லையாம். கூட்டிக் குறைச்சதுதான் பிழையாம். குளிசையும் பிழையில்லை. கீரையைப் பாத்துக் கூட்டினது, கீரை போன பிறகும் குறைக்காமல் நிண்டிட்டுது. இப்ப குளிசையை விட்டால் வால்விலை இரத்தம் கட்டும். கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். வால்விலையே நிண்டால் நீங்கள் செத்துப் போவியள். எவ்வளவு கீரை குடிச்சாலும் அதைத் தடுக்காது. கீரை அதைக் கெதியாக்கும்."

"வெள்ளைக்காரி அப்பிடித்தான் சொல்லுவாள்," என்றார் மாமா.

"இவ்வளவும் அவ சொன்னது," என்றாள் பிரியந்தி. அவளுடைய குரல் மாறியிருந்தது. "இனி நான் சொல்லுறன். இதை நான் உங்களுக்குத் தவக்காலம் தொடங்கி ரண்டாம் கிழமையே சொன்னனான் அப்பா. கார்லை வைச்சு. இவள் எனக்கு எழுதினதையும் காட்டினனான்."

"வாயை மூடு."

"அண்டைக்கும் அதைத்தான் சொன்னனீங்கள். ஒராளை விட்டால் அறுபது பேரும் சாட்டுச் சொல்லிக்கொண்டு வருவினம், தவம் குழம்பிப் போகும் எண்டனீங்கள். நானும் மூடிக்கொண்டு இருந்தனான்."

தாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் எழும்பாமல் இருந்தாள்.

அம்மா இரண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்தார். பஞ்சுத்திரியின் நூல் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பிரியந்தியையும் பார்க்கவில்லை.

"அண்ணை," என்றார். "பிள்ளை உங்களுக்குச் சொன்னவளோ?"

மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"கூடாது எண்டு தெரிஞ்சு கொண்டே நாப்பது நாளும் எனக்குக் கைகூப்பிப் படம் போட்டனீங்களோ? நான் ஆண்டவருக்கெண்டு குடிச்சனான் அண்ணை. நீங்கள் சொன்னதெண்டு குடிச்சனான். சொல்லுங்கோ. தெரியுமோ, தெரியாதோ?"

மாமா கதிரையின் முதுகில் கிடந்த தன் ஜக்கெற்றை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார், மற்றக் கை வழி தெரியாமல் கொஞ்ச நேரம் தடவியது. கார்ச் சாவி பிரியந்தியின் கையில் இருந்தது, அதையும் கேட்கவில்லை. தாதி தன் தள்ளுவண்டியை ஒருபக்கம் இழுத்து வழிவிட்டாள். அம்மா இன்னொரு முறை, "அண்ணை," என்றார். மாமா கதவைத் தாண்டி, நடைவழியில் லிப்ட் இருக்கிற பக்கமாகப் போனார்.